இழுத்துக் கட்ட மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

நேத்து ஒரு பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டினேன். சுவிட்ச் ஒயர் எதுவும் தாராளமா எட்டலை, இழுத்து மாட்டினா விறைச்சு நின்னுது. "இழுத்துக் கட்டி அனுப்பும்மா"ன்னார் முதலாளி.

"ஒயரை நீட்டாம அனுப்ப மாட்டேன்"னேன்.

"அப்ப வேலையை விட்டுப் போ!"

"போறேன். முதல்ல லைட்டைப் போட்டு ஹேண்டிலைத் திருப்புங்க."

வெடுக்குன்னு திருப்பினார். ஒயர் பிய்ஞ்சு லைட் அணைஞ்சுது. அப்புறம் அவரே புது ஒயர்ச் சுருளை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஒயரையும் ஈயம் உருக்கி ஒட்டுப்போட்டு நீட்டிக் கொடுத்தேன். விரல்ல லேசா சூடு பட்டுச்சு, அவ்வளவுதான்.

"பொண்ணுக்கு எதுக்கு ஸ்பேனர்?"னு கேட்ட பெரியப்பாகிட்ட, நான் இந்த வேலையை விடறதா இல்லைன்னு சொல்லிடுங்க.

ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடும்போது போனை எடுத்து அடுப்படியிலேயே வெச்சிடுங்க. நீங்க பேசலேன்னாலும் பாத்திரச் சத்தம் கேட்டா போதும்.

கடை ஷட்டரைத் தூக்கிட்டாங்க, ஓடுறேன்.

உங்க அடங்காப்பிடாரி