நீ மூடி வைத்த ரோபோவைத் திறந்துவிட்டேன்

என் ஜெனிக்காவுக்கு,

உன் ரோபோவைப் பிரித்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

பாலக்கரை மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக நீ செய்தது அது. சாப்பாட்டு டப்பா, இரண்டு சின்ன மோட்டார், பேட்டரி, ஒரு சுவிட்ச். யாரும் தப்புச் செய்ய முடியாதபடி எல்லா ஒயரையும் நீயே ஈயத்தால் பற்றவைத்து உள்ளே மூடியிருந்தாய். சக்கரத்தை மாட்டினால் போதும், ஓடும். யாரை நினைத்து அப்படிச் செய்தாய்? ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் வாய் வராமல் நின்று, மறுநாளிலிருந்து பள்ளிக்கே போகாத இந்தத் தங்கையை நினைத்துத்தானே?

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகு அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. எப்படி என்றுதான் புரியவில்லை. பிரித்த பிறகே புரிந்தது. அதனால் பற்றவைத்ததை எடுத்துவிட்டு, வயர்மேன்கள் போடும் திருகு கனெக்டரை வைத்தேன். இப்போது பிள்ளைகளே மாட்டலாம், கழற்றலாம். செலவும் கூடவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துப் போனேன். ரீட்டா டீச்சர் முன்பே சொல்லிவிட்டார்: “இன்னைக்குப் பிள்ளைங்களுக்கு மாட்ட வந்துச்சுன்னா ஜீயபுரம் வகுப்புக்கும் இதையே எடுத்துக்கலாம். வரலைன்னா விட்டுடுவோம்மா.” விட்டுவிட்டால் உன் வேலை அத்தோடு முடிந்தது.

பிள்ளைகள் மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டார்கள். முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

“டீச்சர், ஸ்ரீரங்கம் போகாமயே பிரதட்சணம் பண்ணுது.”

“தலையில சடாரி வெச்சு அனுப்புங்கடா, நின்னுடும்.”

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டப்பாவில் இரண்டு மோட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துப் பொருத்தியிருக்கும். ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால் ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் சுற்றும். எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. நீ இருந்திருந்தால் அந்த நொடியே சொல்லியிருப்பாய்.

நான் சொல்லாததால் ஃபாத்திமா என்ற சின்னப் பெண் டப்பாவைத் தூக்கிச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது முன்னாடி போவுது, அது பின்னாடி வருது. ஒண்ண மட்டும் மாத்திப் போட்டுப் பாக்கவா?”

“பாரு.”

நேராக ஓடி டீச்சரின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது. ஃபாத்திமா அதை எடுத்து, மறுபடி தப்பாக மாட்டிச் சுற்றவிட்டுப் பார்த்தாள். வேண்டுமென்றே.

“தப்பாப் போட்டா கெட்டுப் போயிடாதா அமலி?” என்றார் டீச்சர்.

“கெடாது டீச்சர். திருப்பி மாட்டிக்கலாம்.”

“இதை ஜீயபுரத்துக்கு நீயே வந்து சொல்லு.”

எனக்காக நீ மூடியதை நானே திறந்ததில் உனக்கு வருத்தமா அக்கா? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜீயபுரம் போகிறேன். அங்கேயும் அது சுற்றும், பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். விடையைச் சொல்ல மாட்டேன். எழுந்து வெளியே போய்விடவும் மாட்டேன்.

உனக்குப் பின் பிறந்தவள்,
அமலி