பங்களாவில் நான் கை நனைக்கவில்லை

அன்பு மகன் ஈஸ்வரமூர்த்திக்கு, உன் ஐயன் சொல்லச் சொல்லத் தங்கை கனகம் எழுதுவது. கார்கில் சண்டை ஓய்ந்து, ஓட்டுக் கேட்டு ஜீப்பில் மைக் கட்டித் திரிகிற இந்த ஆவணியில் இங்கே எல்லோரும் சுகம், சினை மாடும் சுகம், அமெரிக்காவில் உன் உடம்பும் அவிநாசியப்பர் புண்ணியத்தில் அப்படியே இருக்கட்டும். உன் அத்தைக்குத்தான் மூட்டுவலி. அவளுக்குத் தெரியாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறோம்.

உடுமலைப்பேட்டை தாண்டித் தென்னந்தோப்புக்குள் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, ராத்தங்கிக் காலைப் பலகாரமும் சாப்பிட்டு வரலாம், பணம் கட்டிவிட்டேன் என்று போனில் சொன்னாய். போனேன். தேக்குத் தூண், ஏறிப் படுக்க முக்காலி கேட்கிற கட்டில், குறையில்லை. கூடத்தில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. இடது புருவத்தில் அதே வெட்டு. அமராவதி அணையில் முதன்முதல் தண்ணீர் தேக்கின வருஷம், அந்த ஆள் தன் தாய் தகப்பனோடு உன் அத்தையைப் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்தான். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள், சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம், அதுதானே நம் வழக்கம். மூவரும் இலையில் உட்கார்ந்து, தட்டப்பயிற்றுக் குழம்புக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் பெரிய இடத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கை நனைத்த பிறகு விட்ட பெண் என்று பேர் வந்தது, அப்புறம் வந்தவர்களெல்லாம் தண்ணீரோடு எழுந்தார்கள். அத்தை ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று சின்னதில் நீ கேட்டபோது அதட்டினேனே, அதற்குக் காரணம் இதுதான்.

நிற்கும்போதே ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, போட்டோவில் இருப்பது தன் ஐயன் என்றும், உன்னோடு கோயமுத்தூரில் படித்த வசுமதி தான்தான் என்றும் சொல்லி, குடிங்க மாமா என்றாள். மாமா என்றதும் நீ எதற்கு அனுப்பினாய் என்று விளங்கிவிட்டது. தண்ணீர் குடித்தேன். தூங்கவில்லை.

காலையில் நூல் நூலாய்ப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சந்தகையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வயிறாரத் தின்றுவிட்டு வந்து, நானும் தை மாசம் வேண்டாமென்று ஆள் விட்டால் என்ன என்று நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். கரண்டியோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு, அன்று இலை போட்ட உன் அத்தையின் முகம். மனசு வரவில்லை. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆத்தாள் பாவாத்தாள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் யாரென்று தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"ஏனுங்க, அவிநாசி ஊட்டுச் சோறு இன்னும் செரிக்கலைன்னு சொல்லிட்டேதானுங்க அவரு போனாரு. நீங்க எந்திரிச்சுப் போனாலும் நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோமுங்க."

"மொதல்ல நனைக்க வேண்டிய கை என்னுது இல்லீங்க அம்மணி" என்று சொல்லி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன்.

வீடு வந்ததும், எப்படி இருந்தது என்று உன் அத்தை கேட்டாள். பங்களா நன்றாயிருந்தது, பலகாரம்தான் இறங்கவில்லை என்றேன். காசுக்குப் போடுகிற சோறு எப்படி இறங்கும் என்று சிரித்தாள். அது யார் வீடென்று அவளுக்கு இன்னும் தெரியாது. நீ வந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேள், போனில் கேட்காதே. அவள் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அடுத்த இலை என்னுடையது. மாட்டேனென்றால் அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல், ஆள் விடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். நல்லாயிரு கண்ணு, நூறு வயசு இரு. அன்று நம் வீட்டில் கை நனைத்த மூவரும் போய்விட்டார்கள், உட்காரச் சொன்ன என் ஐயனும் ஆத்தாளும் போய்விட்டார்கள், நான் தண்ணீர் ஊற்றினவன், என் பேச்சு செல்லாது. பரிமாறினவள் ஒருத்தி இருக்கிறாள், உன் அத்தை தெய்வாத்தாள்.

இப்படிக்கு,
ஐயன் காளிச்சாமி, கைநாட்டு