கோபித்துக்கொண்டு போக ஒரு படகு

மிதக்கும் வீடு,
மார்ச் 4

அன்புள்ள மேடத்துக்கு,

நலம். நீயும், உன் டிரைவிங் ஸ்கூலும், உன் மாணவர்கள் இடித்த சுவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே போனில் சிக்னல் எடுப்பதில்லை. குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் அடுத்த வாரம் வரும்போது உன் பதிலோடு வரட்டும்.

வீடு ஆடவில்லை. சரி, கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் நாலு பக்கமும் நங்கூரம் போட்டிருக்கிறது, எங்கேயும் போய்விடாது. ரெண்டு அறை, ஒரு சமையலறை, எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலின் என்ஜின் அறைக்குள் அடைந்து கிடந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் கடலைப் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

படகு வாங்கிவிட்டேன். படகுப் பட்டறைக்காரர், "வீட்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். ரெண்டு பேர் என்றேன். சொன்ன பிறகுதான் உன்னை இன்னும் கேட்கவில்லையே என்று உறைத்தது. கரைக்குப் போய்வர ஒரு ரப்பர் படகு, என்ன வேகம் தெரியுமா! ஆபத்துக்கு ஓர் உயிர்காப்பு மிதவை, டிரம்முக்குள் மடித்து வைத்திருக்கிறது. கயிற்றை இழுத்தால் தானே ஊதிக்கொண்டு கூடாரம்போல் விரியும். மாதக் கடைசிக்குள் வந்துவிடேன்.

இப்படிக்கு,
உன் என்ஜினியர்


தரையில் இருக்கும் வீடு,
மார்ச் 11

கேப்டன் ஆகாத என் கேப்டனுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் பாதி ஈரம்.

சோபாவை என்னைக் கேட்காமல் வாங்கினீர்கள், அது கதவுக்குள் நுழையவில்லை. வீட்டைக் கேட்காமல் வாங்கினீர்கள், அது தரையிலேயே நிற்கவில்லை. இப்போது படகு. அந்த ரப்பர் படகில் உட்கார இடம் எங்கே? விளிம்பில் தொற்றிக்கொண்டு வர, என் முழங்கால் என்ன பேச்சைக் கேட்கிற முழங்காலா?

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் எங்கே? தண்ணீர்ப் படகுக்காரரிடம் விசாரித்தேன். "படகுக்கு ஏதும்மா பிரேக்கு?" என்று சிரிக்கிறார். மாணவன் பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக் என்று ரெண்டு இருந்தும் என் கால் பிரேக்கை விட்டு நகராது. ஒன்றுகூட இல்லாத வண்டியில் எப்படி ஏறுவேன்? சரியான படகு வரட்டும், பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவிதான்


மிதக்கும் வீடு,
மார்ச் 18

அன்புள்ள மேடத்துக்கு,

சிரிக்க மாட்டேன் என்று முதலில் சத்தியம் செய். மிதவை டிரம்மை வெளியே வைத்தால் மழையில் நனையுமே என்று கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உன்னிடம் கயிறு கயிறு என்று எழுதினோமே, எவ்வளவு நீளம் என்று பார்ப்போம் என லேசாக இழுத்தேன்.

அது ஊதிக்கொண்டே வந்தது. கூடம் முழுக்க அதுதான். நான் சமையலறைக்குள் பின்வாங்கினேன், வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. என் உயிரைக் காக்க வந்தது என்னைச் சிறை வைத்துவிட்டது. மறுநாள் தண்ணீர்ப் படகுக்காரர் வந்துதான் காற்றைப் பிடுங்கிவிட்டு என்னை வெளியே எடுத்தார். அதுவரை பிஸ்கட்டும் வெங்காயமும்தான்.

மிதவையை மடித்துத்தரச் சொல்லிப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பயத்துக்காக இன்னொரு படகும் வாங்கினேன். அலுமினியப் படகு, அகலமானது, மாடுபோல் நிதானம். கவிழவே கவிழாது. உட்காரப் பலகை உண்டு. என்ஜின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் கொஞ்சம் தோள் பலம் வேண்டும். நீ அதைத் தொடவே வேண்டாம். எங்கே போக வேண்டும் என்று சொல், நான் கொண்டுபோய் விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் என்ஜினியர்


தரையில் இருக்கும் வீடு,
மார்ச் 25

கேப்டனுக்கு,

சத்தியம் செய்யாமலேயே படித்துவிட்டேன். சிரித்துச் சிரித்து விலா நோகிறது. கியர் மாற்றும்போது நினைவு வந்து மாணவனையும் பயமுறுத்தினேன்.

ஆனால் கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறீர்களே, அதுதான் என் பிரச்சினை. பிரேக் எல்லாம் சாக்கு. இவ்வளவு காலத்தில் சண்டை வந்தால் நான் என்ன செய்வேன்? கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, கோபம் தணிந்ததும் வருவேன். ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. நினைத்தபோது போக முடிந்ததால்தான் வரவும் முடிந்தது.

உங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் கடல். உங்கள்மேல் கோபம் வந்தால், உங்களிடமே போய், கொஞ்சம் கரையில் விடுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டுமா?

நீங்கள் இல்லாத வீடு எனக்கும் பிடிக்கவில்லை. காலையில் கை தவறி ரெண்டு பேருக்குக் காபி போட்டுவிடுகிறேன். அதற்காக ஜெயிலுக்கு வர முடியாது.

இப்படிக்கு,
மனைவி


மிதக்கும் வீடு,
ஏப்ரல் 8

அன்புள்ள மேடத்துக்கு,

ஒரு வாரம் பதில் எழுதவில்லை. சமையலறையில் அடைபட்டுக் கிடந்த அந்த ஒரு ராத்திரியில் எனக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

ரப்பர் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வந்திருப்பது உன் ஊர்ப் படகுத்துறையில் கட்டிக் கிடக்கிறது. கூரை வைத்த சின்னப் படகு. ஸ்டீயரிங் உண்டு, கார் சீட் மாதிரி சீட், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். பிரேக் கிடையாது, என்னை மன்னித்துவிடு. ரிவர்ஸ் போட்டால் நிற்கிறது. பட்டறைக்காரர் உனக்கு ஓட்டக் கற்றுத்தருவார். அவரைத் திட்டாதே.

சாவி ரெண்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வருவதற்காக இதை வாங்கவில்லை, போவதற்காகத்தான். வந்தால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உன் என்ஜினியர்


சாப்பாட்டு மேஜை,
மிதக்கும் வீடு,
மே 2

என்னங்க,

எழுந்ததும் என்னைத் தேடிப் பதறாதீர்கள். என் படகு கட்டியிருந்த இடத்தைப் பார்த்தால் தெரியும், அது இருக்காது.

நேற்று, ஓட்டக் கற்றுத்தரும் பட்டறைக்காரர் முன்னால், நான் படகை வீட்டோரம் அணைக்கும்போது, "ஸ்டீயரிங்கை லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று கத்தினீர்கள். எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. அதனால் உங்களிடம் கோபித்துக்கொண்டு போகிறேன்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறேன். காபி பிளாஸ்கில் இருக்கிறது. கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கரையில் காய்கறி வாங்கிக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் வருவேன்.

கயிறு பிடிக்க வெளியே வந்து நில்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது.

உங்கள்,
கேப்டன்