உள்ளங்கையில் ஒன்பது பார்

நோபல் பார்க்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் வினுஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இந்தமுறை அந்தச் சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை, அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், எப்படி அளந்தேன் என்று கீழே வருகிறது. நீயும் டவுன்ஸ்வில் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு நித்திரை கொள்ள வேண்டும், கொள்ள மாட்டாய் என்றும் தெரியும். போன கிழமை போனில், கடல் படிப்பை ஆறு மாதம் நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வரப்போவதாக நீ சொன்னதும் நான் கத்தினேன், நீ இங்கிலிஷில் கத்தினாய், அம்மா போனைப் பறித்து வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம். இதில் நீ இடையில் வெட்ட முடியாது.

நீ சொன்ன காரணம் அப்பாவின் வலது கை. வயோதிபர் இல்லத்தில் நின்று வேலைசெய்துவிட்டு வரும் அம்மா, வீட்டிலும் எனக்குப் பொத்தான் பூட்டிவிடுகிறாள் என்றாய். உண்மைதான். வேலையிடத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்டின் எண்ணெய்க் குழாயில் கசிவு எங்கே என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தவன் நான், அழுத்தத்தை இறக்காமல் கை வைக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான். கண்ணுக்குத் தெரியாத துவாரம், ஊசி குத்தினதுபோல் இருந்தது, எண்ணெய் கைக்குள்ளே போய்விட்டது. வைத்தியர் கையை விரித்துக் கழுவித் தைத்த பிறகு பெருவிரலும் அடுத்த இரண்டும் அசைந்தன, ஆனால் எதைத் தொட்டாலும் தெரியவில்லை. நரம்பு திரும்ப வளருமா என்று கேட்டேன், பொறுங்கள் என்றார். பொறு என்ற சொல்லும் நானும் எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கைப்பயிற்சிக்குப் பிசியோ தந்த பந்தை நான் மூலையில் எறிந்த பிறகுதான் நீ அனுப்பின பெட்டி வந்தது. "பந்து பிசைய மாட்டியள் அப்பா, மெஷின் எண்டால் விட மாட்டியள்" என்று நீ சொன்னது சரி. ஆனால் திறந்து பார்த்ததும் சிரிப்பு வந்தது. மின்சாரம் இல்லை, மோட்டர் இல்லை, ஒரு தாங்கி, ஓர் உருளை, அதற்குள் பிஸ்டன், மேலே நீட்டுக் கைப்பிடி, பக்கத்தில் ஓர் அழுத்தமானி. கையால் அமத்தி எஸ்பிரசோ கோப்பி எடுக்க வேண்டுமாம். கோப்பிக்கொட்டையும் அரைக்கும் பொறியும் பின்னால் வருகிறது என்று எழுதியிருந்தாய், அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. யோகராணி அன்ரி ஊரிலிருந்து கொண்டுவந்து தந்த கோப்பித்தூளை, மல்லியும் மிளகும் சேர்த்து இடித்த அதே தூளை, அள்ளிப் போட்டுச் சுடுதண்ணி விட்டு அமத்தினேன். மா மாதிரித் தூள், தண்ணி போக வழியில்லை, கைப்பிடி இறங்கவே இல்லை. உடம்பு முழுவதையும் சாய்த்து அமத்திவிட்டு, மறுபடியும் அழுத்தத்தை இறக்காமல், கீழ்ப் பாகத்தைக் கழற்றினேன். குசினிக் கூரை, கலண்டர் முருகன், அம்மாவின் வேலை உடுப்பு, எல்லாம் மல்லிக் கோப்பி. அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, "கையில பெலன் இல்லையெண்டு ஆர் சொன்னது" என்றாள். விபத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கொட்டை வந்ததும் ஒழுங்காகச் செய்தேன். முதலில் மெதுவாக, மானி இரண்டிலும் மூன்றிலும் நிற்க, தூளை நனைய விட வேண்டும், பிறகுதான் ஒன்பது பார் அழுத்தம். பிள்ளை, ஒன்பது பார் என்றால் நீ படிக்கும் கடலில் தொண்ணூறு மீட்டர் ஆழம். போர்க்லிப்டில் இதைவிடப் பல மடங்கு ஓடும், ஆனால் அது பம்பின் வேலை. இது என் தோளின் வேலை, குசினி மேசையில், ஒரு பிடி தூளுக்கு மேலே. அது கறுப்பு நூலாக இறங்கியது, பிறகு தேன் நிறமானது, மேலே நின்ற நுரையில் சீனி போட்டால் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் கீழே தாண்டது. வாயில் முதலில் புளிப்பு, பிறகு கசப்பு, எல்லாம் போன பிறகு முந்திரிகை வத்தல் மாதிரி ஓர் இனிப்பு. இத்தனை வருடம் போத்தல் கோப்பியைக் கரைத்துக் குடித்தவனுக்கு, ஒரு கொட்டைக்குள் இவ்வளவு இருந்தது நம்ப முடியாததாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கைக்கு ஒன்றும் தெரியாததால் எப்போதும் மானியில் கண்ணை வைத்துத்தான் அமத்துவேன். புதன்கிழமை பாதி அமத்தும்போது யாரோ கதவைத் தட்டத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்த நேரம் கைப்பிடிக்குள் ஏதோ இறுகி நின்று, பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தது. அதைக் கண் பார்க்கவில்லை, விரல் சொன்னது. அப்படியே நின்றேன், தட்டினவர் போயும் விட்டார். தோளால் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் அம்மாவை மானிக்கு முன்னால் கதிரையில் இருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, விறைத்த மூன்று விரலால் மட்டும் பிடித்து அமத்தினேன். ஐந்து என்றேன். பிழை, மூன்று என்றாள். கொஞ்சம் இறுக்கி, நாலு என்றேன். ஓம் என்றாள். ஆறு என்றேன், ஓம். மற்றக் கையையும் வைத்து ஒன்பதுக்குக் கொண்டுபோனேன், அதற்கும் ஓம். எனக்காகப் பொய் சொல்லுகிறாயா என்று கேட்டேன். "பொய் சொல்லுறதெண்டால் முதலாவதையே சரியெண்டு சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு அந்தக் கோப்பிக்குள் பேணியிலிருந்த ரின்பாலை ஊற்றிக் குடித்தாள். வெள்ளிக்கிழமை பிசியோ பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு வளருகிறது, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும் என்றார். யாரும் குழாய் பூட்டவில்லை, யாரும் திசை காட்டவில்லை, நான் பொறுமையில்லாமல் கத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது தன்பாட்டில் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த எந்த மெஷினும் இப்படித் தன்னைத் தானே திருத்தினதில்லை.

ஆகவே நீ வராதே. உன் வயதில் நான் படிப்பை விட்டுவிட்டு உன்னைத் தூக்கி வைத்திருந்தவன், படிப்பை நிறுத்துவது ஆறு மாதத்தோடு முடிகிற வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். கழுத்துப் பொத்தான் இன்னும் அம்மாதான் பூட்டுகிறாள், அது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம், உன்னுடையது அல்ல. டிசம்பர் விடுமுறைக்கு வா, நல்ல கொட்டை கொண்டு வா. கடலுக்குள் இறங்கும்போது மட்டும் கையை நம்பாதே, மானியைப் பார். முருகன் உன்னைக் காப்பார், அவர் முகத்தில் கோப்பிக் கறை இன்னும் போகவில்லை. நாளைக்கே கம்பஸில் சொல்லி, படிப்பை நிறுத்திவைக்கக் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி எடு. அம்மா இதைப் படம் பிடித்து இன்றே அனுப்புவாள், தாள் தபாலில் வரும்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அப்பா
இளங்கீரன்

பி.கு: எழுத்து கோணலாக இருப்பதால் இடது கை என்று நினைக்காதே. வலது கைதான். பேனா விரலுக்குள் இருப்பது தெரிகிறது.