ஆறாவது மலை

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. பதினொரு மணிக்கு மரக்கடைக்காரர் பலகை கொண்டுவருவார். நான் ஒளித்து வைத்த பட்டறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

நேற்று என் வாய் நீண்டுவிட்டது. உங்கள் தம்பி காணாமல் போன அதே மலையை நீங்கள் ஆறாவது தடவையாக, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் மரத்தில் செதுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல், "மரத்துல தேடினா மனுஷன் கெடைப்பானா?" என்று கேட்டுவிட்டேன். பள்ளத்தாக்கில் பனிமூட்டமாக ஊற்ற, காய்ந்தால் கல்லாக இறுகும் ரெசின் பசையில் வெள்ளைச் சாயம் கலந்துகொண்டிருந்த நீங்கள், அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

காலையில் அந்த மலைமேல் இருந்த மரத்தூளைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகும் என் விரல் ஒவ்வோர் ஓடையாக இறங்கிக்கொண்டே இருந்தது. வாய் உங்கள் தம்பி பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நினைவு வந்து பார்த்தால் என் பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பி.கு: ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை ரெசினை ஊற்றி மூடிவிடாதீர்கள். கிழக்குச் சரிவை நான் இன்னும் பார்க்கவில்லை.