எழுதி வாங்காத இடம்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சுங்கை பினாங்கில் ஆறு ஏறிவிட்டது, ஃபிளாட்டுக்கு முன்னால் முழங்காலளவு தண்ணீர். வார்டுக்கு இருபது நிமிடம் தாமதம். யாரும் கேட்கவில்லை.

பத்தே காலுக்கு மின்னஞ்சல். மலாய்க் கடிதம். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது: டுக்காசித்தா. வருத்தத்துடன் தெரிவிக்கிறார்களாம். மயக்க மருந்துத் துறைப் பயிற்சிக்கு நான் தேர்வாகவில்லை. இருந்தது ஒரே இடம். வேறு யாருக்கோ போய்விட்டது.

பிறகு செய்தவை: பதினான்காம் கட்டிலுக்குக் கட்டு மாற்றினேன். இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். கேன்டீனில் மீ கோரெங், முழுத் தட்டு. ருசியாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

அறுவை சிகிச்சைப் பயிற்சியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக்கொடுத்து மூன்று வாரம். ஆக, இதுவும் இல்லை, அதுவும் இல்லை. இந்த மாதக் கடைசி வரை இங்கே.

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஒரு துறையில் பயிற்சியில் இருக்கும்வரை இன்னொரு துறையில் நேர்காணலுக்குக் கூப்பிடமாட்டார்கள். விடுவிப்புக் கடிதம் வேண்டும். விலகினால்தான் விடுவிப்பார்கள். ரஞ்சினி அக்கா மயக்க மருந்து நிபுணர். ஆப்பரேஷன் தியேட்டரில் இரண்டு வருடப் பழக்கம். மே மாதம் அவர் சொன்னது: "இடம் இருக்கும்மா. நீ மொதல்ல ரிலீஸ் வாங்கிட்டு வா லா."

எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். சீன டாக்டரோ மலாய் டாக்டரோ சொல்லியிருந்தால் கூசாமல் கேட்டிருப்பேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு எழுத்தில் கேட்பது எப்படி? தீபாவளிக்கு அவர் வீட்டில் கை நனைத்தவள். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. படித்த முட்டாள்.

மதியம் ஓய்வறையில் அவரைப் பார்த்தேன்.

"இடம் இருக்குன்னு சொன்னேன். ஒனக்குத்தான்னு சொன்னேனாம்மா?"

"இல்லக்கா."

"பேனல்ல மூணு பேரு. நான் ஒரு ஆளு. அந்தப் பையன் மொத பார்ட் எக்ஸாம் பாஸ் பண்ணிட்டு வந்து நிக்கிறான். நான் என்ன செய்ய?"

"ஆமாக்கா."

அப்புறம் அழுதது அக்காதான். டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். தோளில்கூடத் தட்டினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கிளம்பும்போது தன் சாப்பாட்டில் பாதியை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இறால் சம்பல். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். தலைவலி. இரண்டு பனடால்.

எங்கள் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரிடம் போனேன், விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்க. சீனர், நல்ல மனிதர், ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். ஜூன் மாதமே இரண்டு முறை கேட்டாராம், நிச்சயம்தானா என்று. நிச்சயம் என்றேனாம். என்றேன்தான். இப்போது ஆள் போட்டாயிற்று. ஆயிஷா.

ஆயிஷா எனக்கு இரண்டு வருடம் இளையவள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட நான்தான் காட்டிக்கொடுத்தேன், நாற்காலிக் கைப்பிடியில் நூலைக் கட்டி. லிஃப்ட் பக்கம் வழிமறித்தாள்.

"அக்கா, நான் வேணாம்னு சொல்லிடவா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

கண்ணில் தண்ணீர். ஒப்புக்குக் கேட்கவில்லை. சொன்னால் செய்துவிடுவாள். நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. இல்லை. லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடி, மேலே போகும்வரை பேசாமல் நின்றேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா? போ. பதினாலாம் பெட்டுக்கு வயித்து டியூப்ல எவ்வளவு வடிஞ்சிருக்குன்னு பாத்து எழுது."

போய்விட்டாள். அவள் விலகினாலும் என்னைச் சேர்ப்பார்கள் என்று யார் சொன்னது.

ஜூலை 10, வியாழன்

மாற்றல் கடிதம். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக். சாதாரண மருத்துவ அதிகாரி. விலகி வேறு துறையில் இடம் கிடைக்காதவர்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் எந்தத் துறைக்கும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். இது கடிதத்தின் பின்பக்கம், சின்ன எழுத்தில்.

திருப்பித் தரவேண்டியவை:
லாக்கர் சாவி.
நூலகப் புத்தகம் 2. (ஒன்று வீட்டில். மற்றது?)
தியேட்டர் செருப்பு. என்னுடையதுதான், பேர் எழுதியிருக்கிறது. எடுத்துப்போய் என்ன செய்ய.
அறுவைப் பதிவேடு.

பதிவேடு யாருக்கும் வேண்டாமாம். நான் செய்தது, கூட நின்றது எல்லாம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். மலாய்க் கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிம்பான் லா" என்றார். நீயே வைத்துக்கொள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அரசன நம்பி புருசன கைவிட்ட கதையாயிருச்சு" என்றாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, "கோயில்ல யாராச்சும் கேட்டா லீவுன்னு சொல்லிக்கலாம். அப்பாகிட்ட நீயே சொல்லிடு." பிறகு, "நல்லாத்தானே இருந்த. ஏன் மாறணும்னு தோணுச்சு?"

அவளிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே எழுதுகிறேன். ஆப்பரேஷன் மேசைக்கு நடுவே ஒரு பச்சைத் துணி. நாங்கள் வயிற்றுப் பக்கம். முகம் அந்தப் பக்கம். அங்கே மயக்க மருந்து டாக்டர் ஒருவர் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வெட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் போய் உட்காரவேண்டும் போல இருக்கும். அவ்வளவுதான் காரணம்.

இன்னும் அழுகை வரவில்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஒன்றுமில்லை. மழை. புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது.

ஜூலை 12, சனி

பாலத்தில் நெரிசல். ஜுருவுக்கு ஒரு மணி நேரம். அப்பா அங்கே பழைய கார் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு பேச முடியாது என்று, சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் போனேன்.

காரை நிறுத்துவதற்குள் கூட வேலை செய்கிற அண்ணன் கத்தினார். "அண்ணே, ஒங்க சர்ஜன் வந்தாச்சு லா!"

அப்பாவுக்குக் குடலிறக்கம். வலது பக்கம், இரண்டு வருடமாக. இஞ்சின் தூக்கித் தூக்கி வந்தது. சின்ன ஆப்பரேஷன், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எம்மவ படிச்சு முடிக்கட்டும். அவ கையாலதான்" என்பார். சொந்தக்காரர்களுக்கு நாங்களே செய்யமாட்டோம் என்றாலும் ஏறாது. பட்டறை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்.

சொன்னேன். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"அப்ப சர்ஜன் இல்லியா?"

"இல்லப்பா."

"நீ கேட்ட அந்த மயக்க மருந்து?"

"அதுவும் இல்லப்பா."

டிபனைத் திறந்தார், மூடினார். "சரி. அப்ப யாராச்சும் ஒரு டாக்டர்கிட்ட டேட் வாங்கிரும்மா. வலி தாங்கல. ஆறு மாசமா ஒன்கிட்ட சொல்லல."

வெட்கமாக இருந்தது. இந்த வாரத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று உறைத்தது.

ஆபீஸ் சோபாவில் படுக்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தேன். கை வைத்து அழுத்தினால் புடைப்பு இன்னும் உள்ளே போகிறது. குடல் சிக்கவில்லை. அங்கேயே பரிந்துரைக் கடிதம் எழுதினேன். பெயர், வயது, எத்தனை நாளாக. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வெட்டறப்ப நீ உள்ள நிக்கலாமா?"

"முடியாதுப்பா. வெளியிலதான்."

"வெளியில எங்க?"

"சொந்தக்காரங்க உக்கார்ற எடத்துல."

"ம். அங்கயாச்சும் இரு."