கொட்டாஞ்சேனை வாங்கில் ஒரு பங்கு வியாபாரி

அன்புள்ள சிஸ்டர்,

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கே சிவப்புத் தரைக்கு அப்போதுதான் பொலிஷ் போட்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், கன்னியாஸ்திரியான நீங்கள் கவுன்சலிங் செய்த சிறிய அறை நினைவுக்கு வந்தது. நீங்கள் காலமான செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. அடக்கத்துக்கும் வரவில்லை.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் நான் கோட்டை வர்த்தகப் பகுதியில் ஒரு புரோக்கர் கம்பனியில், மற்றவர்களுக்காகவும் சொந்தக் காசிலும் பங்குகள் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். சமாதானப் பேச்சு என்று வதந்தி வந்தால் விலை ஏறும், குண்டு வெடித்தால் விழும். விழுந்ததைப் பிடிக்க மறுபடி வாங்குவேன், மறுபடி விழும். நித்திரை போயிற்று. முதலில் ஒரு ஹோட்டலில் நடந்த தன்னம்பிக்கை வகுப்பில் சேர்ந்தேன். டை கட்டிய ஒருவர் எங்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, "எனக்குப் பயமில்லை" என்று உரக்கச் சொல்லவைத்தார். அது பலித்தது. பயமில்லாமல் இன்னும் கூடுதலாக இழந்தேன்.

பிறகுதான் வெள்ளவத்தை வீட்டிலிருந்து பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். அனுப்பியது என் மனைவி.

உங்கள் அறை வாசலில் ஒரு நீள வாங்கு. அதில் தாய்மார் மடியில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்து காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "தம்பி, உங்கட ஆர் காணாமப் போனது?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. எனக்குத்தான் சுகமில்லை."

அவர் என் கைகளைப் பார்த்தார். "அப்ப நீங்க முதல்ல போங்கோ. கை நடுங்குது" என்று தன் முறையை எனக்குத் தந்தார். மறுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எழுந்து போய்விட்டேன்.

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கோட்டையில் குண்டு வெடித்து எங்கள் கம்பனிக் கந்தோர்க் கண்ணாடிகள் அதிர்ந்தபோது, அடுத்த தெருவில் என் மனைவி வேலையில் இருந்தாள். நான் டெலிபோனை எடுத்தது விற்பதற்கு.

நீங்கள் ஏசவில்லை. "வித்தாப் பிறகு நிம்மதியா இருந்ததோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம், சிஸ்டர்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அவவுக்கு எடுத்து, லைன் கிடைக்கேல்லை எண்டு தெரியும் வரைக்கும்."

பிறகு பல மாதங்கள் வந்தேன். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இதனால் நான் நல்ல வியாபாரி ஆவேனா என்று. "எனக்கு ஷெயர் ஒண்டும் விளங்காது. நீங்க நித்திரை கொள்ளவேணும், வீட்டில கதைக்கவேணும். என்னால ஏலுமானது அவ்வளவுதான்" என்றீர்கள். விற்கச் சொல்லுமுன் ரிசீவரை வைத்துவிட்டு, என்ன பயம் என்று எனக்கே வாய்விட்டுச் சொல்லப் பழக்கினீர்கள். நட்டம் நிற்கவில்லை. கை நடுக்கம் நின்றது. சொந்தக் காசில் வாங்குவதையும் விட்டேன்.

நீங்கள் சொன்னபடி வீட்டிலும் கதைத்தேன். குண்டு வெடித்த அன்று நடந்ததை மனைவியிடம் சொன்னபோது, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அண்டைக்கு நானும் உங்களுக்குக் கோல் எடுத்தனான். உங்கட லைன் எங்கேஜ்ட்."

பிறகு கீரையை அலச எழுந்து போனாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை.

இப்போது கம்பனிக்கு வரும் இளையவர்கள், இந்தப் பயிற்சி வகுப்புகளாலும் கவுன்சலிங்காலும் பிரயோசனம் உண்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். வகுப்பைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். உங்களைப் பற்றியும் சொல்வேன், கட்டாயம் போங்கள் என்பேன். அவள் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் இன்றுவரை எவரிடமும் சொல்ல என்னால் முடியவில்லை. அதன்பிறகு உங்களிடமும் நான் வரவில்லை, சிஸ்டர். வந்திருந்தால் முதலில் அந்த வசனத்தைத்தான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.